யார் வாசித்தால் என்ன என்றா கேட்கிறீர்கள்?

கேள்வி: ஹெவி மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியில் பாதி இடம் அவருடைய கிதாரிஸ்டுகள், டிரம்மர்கள் பெயர்களுக்கே போய்விட்டது. நாற்பது வருடமாக ஆளை மாற்றிக்கொண்டே இருந்த மனிதர் அவர். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். ரசிகன் காசு கொடுத்தது ஓஸிக்காக. யார் வாசித்தால் என்ன? - ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சம்பளத்துக்கு வந்தவர்கள்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. தன் பெயரில் டூர் போகும் பாடகருக்கு ஆளை மாற்றும் உரிமையும் உண்டு. ஆனால் 'யார் வாசித்தால் என்ன' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே எண்ணத்தோடு நடந்துகொண்டவர்களால் ஓஸியின் சொந்த ஆல்பங்களுக்கே கெடுதல் நடந்திருக்கிறது.

1979இல் பிளாக் சாபத் குழு, தன் பாடகராக இருந்த ஓஸியை வெளியே அனுப்பியது. குடியும் போதையுமாகக் கிடந்த மனிதர், கிதாரோ கீபோர்டோ வாசித்துப் பாட்டு கட்டத் தெரியாதவர். மெட்டை முனகிக் காட்டுவார், அதைப் பாட்டாக்க வேறு ஆள் வேண்டும். அப்படி வந்தவர்கள்தான் ராண்டி ரோட்ஸ், பாப் டெய்ஸ்லி, லீ கெர்ஸ்லேக். ரோட்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் பையன், தன் அம்மா நடத்திய இசைப் பள்ளியில் கிதார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பேஸ், அதாவது தாழ்ந்த சுரம் எழுப்பும் கிதார், வாசித்த டெய்ஸ்லி ஆஸ்திரேலியர், டிரம்ஸ் கெர்ஸ்லேக் யூரையா ஹீப் குழுவில் இருந்து வந்தவர். 1980இல் வந்த 'பிளிஸ்ஸர்ட் ஆஃப் ஓஸ்' ஆல்பத்தின் பாடல் வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதியது. 'கிரேஸி டிரெய்ன்' என்று ஊரெல்லாம் கத்துகிறார்களே, அந்த வரிகளும் அவருடையவைதான். 'மிஸ்டர் குரோலி'யின் தொடக்கத்தில் தேவாலயம் போல் எழும் கீபோர்டு டான் ஏரியுடையது, அவர் இன்று டீப் பர்ப்பிள் குழுவில் இருக்கிறார். இவர்களை எடுத்துவிட்டால் அந்த ஆல்பத்தில் ஓஸியின் குரல் மட்டும்தான் மிஞ்சும். அருமையான குரல், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு எங்கே இருக்கும்?

அடுத்த ஆல்பம் 'டைரி ஆஃப் எ மேட்மேன்'. ஓஸி, ரோட்ஸ், டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் என்று அதே நால்வர் முக்கியமாக நின்று பதிவு செய்தார்கள். 1981இல் அது கடைக்கு வருவதற்குள் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் வேலையில் இல்லை. டூருக்கு ரூடி சார்ஸோவும் டாமி ஆல்ட்ரிட்ஜும் வந்துவிட்டார்கள். சரி, அதுவரை பரவாயில்லை, டூருக்கு ஆள் மாறுவது தொழிலில் உள்ளதுதான். ஆனால் ஆல்பத்தின் உறையிலும் பேஸ் சார்ஸோ, டிரம்ஸ் ஆல்ட்ரிட்ஜ் என்று அச்சிட்டார்கள். அந்த ஆல்பத்தில் அவர்கள் வாசிக்கவே இல்லை! சார்ஸோவே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அது நான் வாசித்தது அல்ல, டெய்ஸ்லி வாசித்தது என்று. நேர்மையான மனிதர். மேடையில் நிற்கிற ஆளின் பெயரை, பதிவில் வாசித்த ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போடுவது ஆள் மாற்றுவது ஆகாது, இன்னொருவர் உழைப்பை இல்லாமல் ஆக்குவது. நான் எதிர்ப்பது இதைத்தான்.

இதைவிட மோசமானது இருபது வருடம் கழித்து நடந்தது. உரிமைத்தொகை கேட்டு டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீதிமன்றம் போயிருந்தார்கள். 2002இல் முதல் இரண்டு ஆல்பங்களையும் மறுவெளியீடு செய்தபோது, இருவரும் வாசித்த பேஸையும் டிரம்ஸையும் துடைத்துவிட்டு, அப்போது ஓஸியின் டூரில் இருந்த ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாக வாசிக்கச் சொல்லி ஒட்டினார்கள். இருவரும் சாதாரணமான ஆட்கள் இல்லை, போர்டின் ஃபெய்த் நோ மோர் குழுவின் டிரம்மர், ட்ருஹியோ மறு வருடமே மெட்டாலிக்காவில் சேர்ந்தவர். கை சுத்தம்தான், தாளமும் பிசகவில்லை. ஆனாலும் ஒட்டவில்லை. காரணம் கேட்டாலே தெரியும். ரோட்ஸின் கிதார் ஓடும்போது டெய்ஸ்லி வெறுமனே அடிநாதம் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார், கிதார் இறங்கும் இடத்தில் ஏறுவார், அது மூச்சு விடும் இடைவெளியில் நாலு சுரம் நுழைத்துவிட்டு வருவார். சர்ரேயில் உள்ள ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவில் ஒன்றாக உட்கார்ந்து கட்டிய பாட்டு அது. 2002இல் வாசித்தவர்களுக்குப் பதில் சொல்ல ரோட்ஸ் உயிரோடு இல்லை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், 2011இல் பழைய பதிவையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் கேள்விக்கு ரசிகர்களே அன்று கொடுத்த பதில் அது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆள் மாற்றமே பாவம் என்று நான் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1982 மார்ச் 19 அன்று, ஃபுளோரிடாவில் லீஸ்பர்க் என்ற இடத்தில், டூர் பஸ் நின்றிருந்த இடத்துக்கு மேலே தாழப் பறந்த சிறு விமானம் பஸ்ஸில் உரசி விழுந்ததில் ரோட்ஸ் செத்துப்போனார். வயது 25. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1 அன்று டூர் மறுபடி தொடங்கிவிட்டது. கல்நெஞ்சம் என்று தோன்றும், எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று நிறுத்தியிருந்தால் ஓஸி மறுபடி எழுந்திருக்க மாட்டார் என்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் பயந்தார்கள், அவர் குடித்த குடிக்கு அந்தப் பயம் நியாயமானது.

அந்த நேரத்தில் வந்து நின்ற இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்தவர் ஐரிஷ்காரர் பெர்னி டார்மே, சில கச்சேரிகள் வாசித்துவிட்டு விலகிக்கொண்டார். அடுத்தவர் நைட் ரேஞ்சர் குழுவின் பிராட் கில்லிஸ். ரோட்ஸ் ஸ்டூடியோவில் ஒரு சோலோவை, அதாவது கிதார் தனித்து ஓடும் பகுதியை, வாசித்துவிட்டு, அதன் மேலேயே அதே சோலோவை இரண்டாவது முறை வாசிப்பார், பிறகு மூன்றாவது முறையும் வாசிப்பார். நரம்பை எவ்வளவு இழுத்தார், எங்கே நடுக்கினார், எங்கே விட்டார் என்பதெல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அதனால்தான் ஆல்பத்தில் அந்தச் சோலோக்கள் அவ்வளவு தடிமனாகக் கேட்கின்றன. மேடையில் நிற்பவனுக்கோ கை இரண்டுதான். மூன்று கிதார் சேர்ந்து எழுப்பிய சத்தத்தை ஒரே கிதாரில், செத்துப்போனவனின் ரசிகர்கள் முன்னால், சில நாள் பழக்கத்தில் வாசிக்க வேண்டும். அதைச் செய்த ஆளைப் பார்த்து யார் வாசித்தால் என்ன என்று கேட்பீர்களா?

அப்புறம் கிதாரிஸ்ட் ஜேக் இ. லீ. 1983இன் 'பார்க் அட் தி மூன்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் எழுதியவர் ஓஸி ஒருவரே என்று அச்சாகியிருக்கும். இசையில் பெரும்பங்கு தன்னுடையது என்று லீ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், தானும் எழுதியதாக டெய்ஸ்லியும் சொல்கிறார். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துணுக்குகளை, ரிஃப்புகளைக் கேட்கிற யாருக்கும் இது நம்பக் கடினமான விஷயம் இல்லை. கிதார் வாசிக்காத ஒருவர் தனியாகக் கட்டிய பாட்டு அப்படி இருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்கிறேன். 1987இல் இருபது வயதில் சேர்ந்த கிதாரிஸ்ட் சாக் வைல்ட், 1991இன் 'நோ மோர் டியர்ஸ்' காலத்தில் ஓஸியின் வலது கையாக இருந்தார். அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தது மறுபடியும் டெய்ஸ்லிதான், மேடைக்கு வந்தவர் மைக் ஐனெஸ். ஆனால் தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் உறுமிக்கொண்டு வரும் பேஸ் ஐனெஸின் யோசனை. இந்த முறை உறையில் வாசித்தவர் டெய்ஸ்லி என்றே போட்டார்கள், பாட்டை எழுதியவர்களில் ஒருவராக ஐனெஸின் பெயரையும் போட்டார்கள். நாலு பாட்டுக்கு வரி எழுதிய மோட்டார்ஹெட் குழுவின் லெம்மிக்கும் பெயர் கிடைத்தது. ஆக, முறையாகச் செய்யத் தெரியாதவர்கள் இல்லை.

வைல்ட் போனார், வந்தார், 2009இல் கிரேக்கரான கஸ் ஜி அந்த இடத்துக்கு வந்தார், 2017இல் வைல்ட் மறுபடி வந்தார். இடையில் வந்துபோனவர்களை எல்லாம் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் கடைசிக் கச்சேரி. நடுக்குவாத நோயோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓஸி பாடினார். அவருக்குப் பின்னால் வைல்ட், ஐனெஸ், கீபோர்டில் ஆடம் வேக்மேன், டிரம்ஸில் டாமி கிளஃபெடோஸ். முந்தைய வருடம் லாஸ் வேகஸில் சுடப்பட்டுப் பிழைத்த ஜேக் இ. லீயும் அன்று அதே மேடையில் வாசித்தார். பதினேழு நாள் கழித்து ஓஸி இறந்தார். சம்பளத்துக்கு மட்டுமே வந்தவர்கள் என்றால் இத்தனை வருடம் கழித்து இவர்கள் ஏன் அங்கே வந்து நிற்க வேண்டும்?

கெர்ஸ்லேக்குக்கு அந்த நாளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. புற்றுநோயோடு போராடிய கடைசிக் காலத்தில் ஓஸியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த இரண்டு ஆல்பங்களுக்கும் தன் பெயர் பொறித்த பிளாட்டினம் தட்டு (நிறைய விற்ற ஆல்பத்துக்குத் தரும் விருதுத் தட்டு), வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள. ஓஸி அனுப்பிவைத்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். 2020 செப்டம்பரில் கெர்ஸ்லேக் இறந்தார். வழக்கில் தோற்று, காசும் போய், சாகும்போது ஒரு மனிதர் கேட்டது தன் பெயரைத்தான். அந்தப் பெயரை நம் பத்திரிகையிலும் விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

விட மாட்டேன். உங்களிடம் 'டைரி ஆஃப் எ மேட்மேன்' இருந்தால் எந்த வருடப் பதிப்பு என்று திருப்பிப் பாருங்கள். 2002 என்று இருந்தால் 2011 பதிப்பைத் தேடிப்பிடித்து, கிதாரை விட்டுவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் கவனித்து ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் இதே கேள்வி உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள், அதையும் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.