கச்சத்தீவும் இழுவைமடியும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

கச்சத்தீவை மீட்டாலும் மீனவர் பிரச்சினை தீராது என்று எழுதியிருந்தீர்கள். நான் காரைக்கால்காரன். என் சித்தப்பா மகன் யாழ்ப்பாணம் சிறையில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு வந்தான். படகு இன்னும் வரவில்லை. 2025 ஜனவரியில் எங்கள் பிள்ளைகள் மேல் துப்பாக்கிச் சூடே நடந்தது. கடலூரில் உட்கார்ந்துகொண்டு டெல்லிக்காரர் மாதிரிப் பேசுகிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

ஒரு வாசகர், காரைக்கால்

அன்புள்ள தம்பி,

சுட்டது அக்கிரமம். எல்லை தாண்டினால் பிடிக்கலாம், வழக்குப் போடலாம். வலை இழுக்கிறவன் மேல் தோட்டா விட எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை. இதில் நமக்குள் பேச்சே இல்லை.

தீவுக்கு வருகிறேன். 285 ஏக்கர், ஓர் அந்தோணியார் கோயில், குடிக்கத் தண்ணீர் கிடையாது. 1974ல் இந்திரா காந்தி அரசு அதை இலங்கைப் பக்கம் விட்டுக் கடல் எல்லைக் கோடு போட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கப் போன விவகாரத்தில் 1960லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008ல் ஜெயலலிதா வழக்குப் போட்டது இந்தப் பிடியில்தான். மத்திய அரசின் பதில்: அது தகராறில் இருந்த இடம், நம் மண் என்று முடிவாகவே இல்லை, அப்புறம் எதைக் கொடுத்தோம்? கட்சி மாறியும் வாதம் மாறவில்லை. 2014ல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல், திரும்ப வாங்கப் போருக்குத்தான் போக வேண்டும் என்கிற மாதிரி நீதிமன்றத்திலேயே பேசினார். பத்து வருஷம் கழித்துத் தேர்தல் நேரத்தில் பிரதமர் மோடி காங்கிரஸைக் குற்றம் சாட்டினார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்காமல் செய்தது தவறு என்பதே என் நிலை. அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, நம் மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் தீவுக்குப் போக வழி விட்டிருந்தது. மீன்பிடிப்பை அடைத்தது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள். அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்க யார் இருந்தார்கள்? மேடைகளில் 1974 முழங்குகிறது, 1976 காதில் விழுவதே இல்லை.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். கச்சத்தீவு ராமேஸ்வரத்துக்கு நேரே கிடக்கிறது. காரைக்கால் படகு பிடிபடுவதோ பெரும்பாலும் யாழ்ப்பாணத்து வடகரையில், பருத்தித்துறை, காங்கேசன்துறை பக்கம். நாளைக்கே தீவு நம் கைக்கு வந்தாலும் உங்கள் சித்தப்பா மகனுக்கு என்ன ஆகும்?

எதிர்க்கரையில் இருப்பவனும் தமிழன்தான். போர்க்காலத்தில் அவனைக் கடலுக்கே விடவில்லை. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினான். ராத்திரியில் நம் விசைப்படகின் இழுவைமடி அந்த வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. அடிமண்ணைச் சுரண்டும் அந்த மடியை 2017ல் இலங்கை சட்டம் போட்டே தடுத்தது.

இதைப் புரிந்துகொள்ள நான் டெல்லிக்குப் போகவில்லை. கடலூர்க் குப்பங்களைப் பார்த்தால் போதும். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடியை 2000லேயே தமிழ்நாடு அரசு தடை செய்தது. போட்டே தீருவோம் என்று ஒரு குப்பம், எங்கள் வயிற்றில் அடிக்காதே என்று இன்னொரு குப்பம். சம்பந்தம் பண்ணிக்கொண்டவர்களே பேசாமல் போனார்கள். கடைசியில் 2023ல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால உத்தரவு போட்டது. சின்னப் படகுக்காரர் இங்கே சொல்லும் நியாயத்தைத்தான் பருத்தித்துறைக்காரர் அங்கே சொல்கிறார். இங்கே கேட்டுத் தலையாட்டிவிட்டு அங்கே மட்டும் காதை மூடிக்கொள்ள எனக்கு வரவில்லை.

டெல்லியைத் திட்ட வேண்டிய இடமும் இதுவே. 2017ல் இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லித் திட்டம் வந்தது. படகு 80 லட்சம், மானியம் 70 சதவீதம். மிச்சம் 24 லட்சம், டீசல், பழக்கமே இல்லாத சூரைமீன் தொழில். எத்தனை பேர் துணிவார்கள்?

உங்கள் சித்தப்பா மகனைப் பிடித்தது எந்த இடத்தில், படகில் என்ன மடி இருந்தது? அவனிடம் கேட்டு எழுதுங்கள். அதையும் போடுகிறேன்.