ஃபயர்ஃபாக்ஸ் பீட்டா நிறுவியபின் கருப்புப் பட்டைகளும் இடம் மாறிய கொம்புகளும்: பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பீட்டா எனும் சோதனைப் பதிப்பை நிறுவிய அன்றிலிருந்து பக்கத்தை உருட்டும்போது கருப்புப் பட்டைகள் தோன்றுவதாகவும், சில தளங்களில் தமிழ் எழுத்துகளின் கொம்புகள் இடம் மாறி நிற்பதாகவும், இரண்டுக்கும் புதிய பதிப்புதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே இரண்டு கோளாறுகளும் சென்ற வைகாசியில் என் கணினியில் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டின் காரணங்களும் வேறு வேறு என்பதும், அவற்றுள் ஒன்றுக்கும் உலாவிக்கும் தொடர்பே இல்லை என்பதும் எனக்கு விளங்க மூன்று நாட்கள் ஆயின.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் திருமண அழைப்பிதழ், பில் புத்தகம் போன்றவற்றுக்கு டி.டி.பி. செய்து கொடுப்பது என் தொழில். முகூர்த்தக் காலத்தில் வேலைக் கணினியில் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்தது என் தவறுதான், அதை மறைப்பதற்கில்லை.

முதலில் கருப்புப் பட்டைகள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் ‘ட்ரபிள்ஷூட் மோட்’ என்ற நிலையில் திறக்கலாமா என்று கேட்கும். அந்த நிலையில் பட்டைகள் மறைந்துவிட்டால், உடனே நீட்சிகளின் (உலாவியில் நாம் சேர்த்த துணை நிரல்களின்) மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். அந்த நிலை நீட்சிகளை மட்டுமல்லாமல் பக்கம் வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சில்லிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும், நாம் சேர்த்த தனித் தோற்ற அமைப்புகளையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் என் மாமா இந்த இடத்தில்தான் சறுக்கினார். “ஷிஃப்டை அழுத்திப் புடிச்சுக்கிட்டே திறங்க மாமா” என்று தொலைபேசியில் சொன்னேன். பட்டைகள் மறைந்தன என்று மகிழ்ந்து, என்னிடம் மறுவார்த்தை கேட்காமல் எல்லா நீட்சிகளையும் நீக்கிவிட்டார். வழக்கம்போல் திறந்ததும் பட்டைகள் திரும்பி வந்தன. நீட்சிகள்தாம் வரவில்லை.

ஆகவே அடுத்த படி, நீட்சிகளைத் தொடாமல் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. அமைப்புகளில் செயல்திறன் பகுதிக்குச் சென்று, பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளைப் பயன்படுத்தும் குறியை எடுத்துவிட்டு, அதன்கீழ் தோன்றும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் குறியையும் எடுத்துவிட்டு, உலாவியை மூடித் திறக்க வேண்டும். 2019 மே மாதம் வெளிவந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் படிப்படியாக ‘வெப்ரெண்டர்’ என்ற வரையும் முறைக்கு மாறியது. பக்கத்தை வரையும் வேலையின் பெரும்பகுதியை அது கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கிறது. சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையதாக இருந்தால் பட்டை, கிழிசல், கட்டம் கட்டமான கறை எல்லாம் அங்கே பிறக்கக்கூடும். என் கணினியில் ஆக்சிலரேஷனை நிறுத்தியதும் பட்டைகள் போயின. ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள்: வரையும் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழுவதால் பழைய கணினிகளில் காணொளி திணறும். கணினியைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதிய கிராபிக்ஸ் டிரைவரை நிறுவிவிட்டு ஆக்சிலரேஷனை மறுபடி இயக்கினேன்; பட்டைகள் திரும்பவில்லை.

இடையே நான் செய்துபார்த்த ஒரு சோதனை உங்களுக்கும் உதவலாம். பட்டை தெரியும் தருணத்தில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையால் படம் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் பட்டை இல்லாமல் திரையில் மட்டும் இருந்தால் சந்தேகம் மானிட்டரின் மேலும் கேபிளின் மேலும் விழும். படத்திலும் இருந்தால் கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது. பிறகு ஃபயர்ஃபாக்ஸின் சொந்த ஸ்கிரீன்ஷாட் கருவியாலும் ஒரு படம் எடுங்கள். அது பக்கத்தைப் புதிதாக வரைந்து எடுப்பதால், அதில் மட்டும் பட்டை காணாமல் போனால் பக்கத்தில் குற்றமில்லை, திரைக்கு அனுப்பும் கட்டத்தில்தான் சிக்கல் என்று கொள்ளலாம்.

இனி கொம்பு விவகாரம். ஒரு செய்தித் தளத்தில் ‘ஏற்காடு’ என்பது ஒழுங்காகத் தெரிந்தது. அதே வரியில் ‘சேலம்’ என்பது ‘சலேம்’ என்று தெரிந்தது. ஊர்ப் பெயரையே ஆங்கிலக்காரன் உச்சரிப்பதுபோல் மாற்றிவிட்டதே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு சொல் பிழைத்து மற்றொன்று சிதைவதில்தான் துப்பு இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. ‘ஏற்காடு’ என்ற சொல்லில் கொம்பே கிடையாது; துணைக்கால் எழுத்துக்குப் பின்னால்தான் வரும். ‘சே’ அப்படியல்ல. ஒருங்குறியில் அது முதலில் ‘ச’, அதன்பின் இரட்டைக்கொம்பு என்ற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது; கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது திரையில் வரையும்போதுதான் நடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் இந்த வேலைக்கு ‘ஹார்ஃப்பஸ்’ என்ற ஒரே நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. எழுத்துருவுக்குள், எழுத்துகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் தமிழுக்குரிய ஓபன்டைப் விதிகள் இல்லாவிட்டால் கொம்பு முன்னே நகராமல் ‘ச’வுக்குப் பின்னாலேயே நின்று, அடுத்துள்ள ‘ல’வோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் வேறு உலாவியிலும் ‘சலேம்’ என்றே தெரிய வேண்டும் அல்லவா? திறந்து பார்த்தேன், அப்படியேதான் தெரிந்தது. பீட்டா பதிப்பின் மேல் நான் சுமத்திய குற்றம் அந்த நிமிடமே தள்ளுபடியாயிற்று. அதே வாரம் ஓர் அழைப்பிதழுக்காக, வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்துருக்களை நிறுவியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டி.டி.பி. வேலை செய்பவர்களுக்கு இந்த நோய் உண்டு: கிடைத்த எழுத்துருவையெல்லாம் கணினியில் சேர்த்துவிடுவோம். அந்தச் செய்தித் தளம் தன் வடிவமைப்பில் ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. பயனரின் கணினியில் அது இருந்தால் அதையே எடுத்துக்கொள்வதும், இல்லாவிட்டால் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வதும் அதன் ஏற்பாடு. பென்டிரைவில் வந்தது அதே பெயருடைய அரைகுறைப் பிரதி. உலாவி சொன்னபடி கேட்டு அதை எடுத்துக்கொண்டது. எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த ஒன்றை நீக்கி, உலாவியை மூடித் திறந்ததும் சேலம் பழையபடி சேலமாயிற்று.

உங்கள் கணினியில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது எளிது. சிதைந்த சொல்லின் மேல் வலச்சொடுக்கி ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்தால் திறக்கும் பகுதியில் ‘ஃபான்ட்ஸ்’ என்றொரு தாவல் இருக்கும். உண்மையில் பயன்படுத்தப்படும் எழுத்துருவின் பெயரை அது காட்டிவிடும். கொம்பு இடம் மாறாமல், எழுத்துகளுக்குப் பதிலாகத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் வரிவரியாக வந்தால் அது எழுத்துருச் சிக்கல் அல்ல, குறியாக்கச் சிக்கல்; அதாவது எழுத்துகளைச் சேமித்த எண் முறையை உலாவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 91ஆம் பதிப்பு முதல் அதற்கென்று ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்ற கட்டளை இருக்கிறது.

பழைய பதிப்புக்குத் திரும்புவது பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலை, அதாவது புத்தகக்குறி, கடவுச்சொல் போன்ற உங்கள் தரவுகள் இருக்கும் கோப்புறையை, பழைய பதிப்பு ஏற்காது. புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும், புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் காணாமல் போனதுபோல் தோன்றும். அவை அழிந்துவிடுவதில்லை, பழைய புரொஃபைலிலேயே கிடக்கும் என்றாலும், அந்தக் கணத்தில் வயிறு கலங்கும். எனவே இனி பீட்டாவை நிறுவும்போது நிறுவும் இடத்தைத் தனிக் கோப்புறையாகக் கொடுங்கள். 67ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் அமைவதால், அன்றாட வேலைக்கான உலாவி தொடப்படாமல் இருக்கும்.

இவ்வளவும் செய்து பட்டைகள் போகவில்லையென்றால், முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்துகளில் ‘அபவுட்:சப்போர்ட்’ என்று இடைவெளியின்றித் தட்டுங்கள். திறக்கும் பக்கத்தில் கிராபிக்ஸ் பகுதியில் ‘கம்போசிட்டிங்’ என்ற வரிக்கு நேரே வெப்ரெண்டர் என்று மட்டும் இருக்கிறதா, சாஃப்ட்வேர் என்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து, டிரைவரின் தேதியோடு உங்கள் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். சாஃப்ட்வேர் என்று இருந்தும் பட்டைகள் வந்தால் நான் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.