விக்கெட் எடுக்காத நாளிலும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் நடந்த மறுநாள் வகுப்பில் யாராவது ஒருவன் "என்னடா, உங்க டீம் தோத்துடுச்சு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன மேட்ச்சுக்கு முகத்தில் மூவர்ணம் பூசிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். வீட்டுக்கு வந்தால் மாமா, "மஃரிப் தொழுகையை விட்டுட்டு இது தேவையா?" என்றார். அங்கே 'பாய்', இங்கே தொழாதவன். நான் யாராகத்தான் இருப்பது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஆட்டம் பிடித்துக் கத்தினாயா, பக்கத்தில் இருப்பவன் காதில் விழட்டும் என்று கத்தினாயா?

1986-ல் ஷார்ஜாவில் பாகிஸ்தானின் மியான்தாத் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து இந்தியாவைத் தோற்கடித்தார். மறுநாள் காலை என் வாப்பாவிடம் டீக்கடைக்காரர், "என்ன பாய், ராத்திரி வீட்டுல பிரியாணியா?" என்று கேட்டார். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே வாப்பாவுக்குத் தெரியாது. அவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அன்று டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார் என்று உம்மா பல வருடம் கழித்துச் சொன்னாள்.

2021 அக்டோபரில் துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு பௌலர் முகமது ஷமியைப் பிடித்து இணையத்தில் குதறினார்கள். கேப்டன் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். 2023 உலகக் கோப்பையில் அதே ஷமி 24 விக்கெட் எடுத்து முதலிடம் பிடித்ததும் ஊரே கொண்டாடியது. சந்தோஷம்தான். ஆனால் அந்த 24 விக்கெட்டா அவரை இந்தியர் ஆக்கியது? ஒரு விக்கெட்கூட எடுக்காத நாளிலும் அவர் இந்தியர்தான். நீயும் அப்படித்தான், வாயைத் திறக்காமல் மேட்ச் பார்த்தாலும், கிரிக்கெட்டே பிடிக்காவிட்டாலும்.

அதனால் முதலில் அந்தச் சிரிப்பை நிறுத்து. சண்டை வேண்டாம். சொன்னவனை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "டேய், நீ அப்படிச் சொல்றது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல். பாதிப் பேர் யோசிக்காமல் பேசுகிறவர்கள், அதோடு விட்டுவிடுவார்கள். விடாதவனைப் பற்றி வகுப்பாசிரியரிடம் சொல். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இதை எடுக்காதே.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதைத் திரும்பப் படித்துப் பார். கொடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, மஃரிபைத்தான் கேட்டார். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் நீ சினிமா பார்த்திருந்தாலும் கேட்டிருப்பார். அடுத்த முறை நடுவில் எழுந்து தொழுதுவிட்டு வா. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவுக்குத் தண்ணீர் தோலில் பட வேண்டும் என்பதால் பெயின்ட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். திரும்ப வந்து பூசிக்கொள்.

ஒருவேளை கொடியே தீனுக்கு, அதாவது மார்க்கத்துக்கு, ஆகாது என்று யாராவது சொன்னால், உங்கள் ஊர்ப் பேட்டையில் 1896-ல் பிறந்த முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபைப் பற்றிக் கேள். பிரிவினைக்குப் பிறகும் இங்கேயே இருந்தவர். அரசியல் நிர்ணய சபையில் 1948-ல் முஸ்லிம் தனியார் சட்டத்தைக் காக்கத் திருத்தம் கொண்டுவந்தார். 1949-ல் மொழி விவாதம் வந்தபோது, இந்த மண்ணின் பழைய மொழி தமிழ் என்று அதே சபையில் எழுந்து பேசினார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவர் ஆள் மாறவில்லை.

இன்னொன்று. பாகிஸ்தான் பௌலர் ஒருவன் அருமையான யார்க்கர் போட்டால் உன் நண்பன் "செம பால்டா" என்று சொல்லிவிட்டுப் போவான். உனக்கு அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும், இல்லையா? தெரியாத கூட்டத்தில் அது நிற்பதே நல்லது. எவன் கையில் கேமரா இருக்கிறது என்று யார் கண்டது? அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலைமை அது. அடுத்த மேட்ச்சை நீ நம்புகிற நண்பன் வீட்டில் உட்கார்ந்து பார். அவனிடமாவது அந்த யார்க்கரைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல முடிந்ததா என்று எனக்கு எழுது.