கணினி தன் முகவரியை யாரிடம் கேட்கும்?

இணையம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீட்டு இணைப்பின் வேகத்தையும், எந்தத் தளங்கள் திறக்கவில்லை என்பதையும் அளக்கும் சிறிய மென்பொருள் ஒன்றை புராஜெக்ட்டுக்காக எழுதுகிறேன். ஒவ்வோர் அளவீட்டுடனும் பொது ஐபி முகவரியை, அதாவது வெளியுலகுக்குத் தெரியும் எண்ணை, சேமிக்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. நிரலில் கேட்டால் 192.168.1.7 என்று வருகிறது. இணையதளங்களோ வேறு எண்ணைக் காட்டுகின்றன. சரியான எண்ணை மென்பொருள் தானாகவே கண்டுபிடிக்குமா?
— மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கண்டுபிடிக்காது, தம்பி. வெளியே யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மென்பொருளின் பாதி வடிவம் கையில் வந்துவிடும்.

கணினி சொன்ன எண்ணும் சரியானதுதான். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையுள்ளவை ஆகிய மூன்று தொகுதிகளும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1996ஆம் ஆண்டின் இணைய விதி ஆவணம் ஒன்றில் ஒதுக்கப்பட்டவை. உங்கள் தரவு ரூட்டரைத் தாண்டும்போது அனுப்புநர் முகவரி நீக்கப்பட்டு வேறொன்று எழுதப்படுகிறது. இது கணினிக்குத் தெரியாமலே நடக்கிறது.

அப்படியானால் ரூட்டரைக் கேட்கலாமே என்று தோன்றும். அங்கேயும் உறுதியில்லை. ஐபி நான்காம் பதிப்பில் இருப்பது ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கத் தொடங்கின. இதற்காகவே 2012இல் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டது. ரூட்டரின் வெளிப்புற முகவரி இந்த வரம்பில் இருந்தால், அதற்கு மேலே இன்னொரு மாற்றம் நடக்கிறது என்று அறியுங்கள்.

வெளியே கேட்பதற்கு வழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. முதலாவது, முகவரியைத் திருப்பிச் சொல்லும் இணையப் பக்கத்தைக் கேட்பது. இரண்டாவது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்பது. ஓப்பன்டிஎன்எஸ் நிறுவனத்தின் சர்வரிடம் அதற்கென்று வைத்துள்ள பெயரை நேரடியாகக் கேட்டால், விடையாக உங்கள் முகவரியே வரும். மூன்றாவது ஸ்டன். எனக்குப் பிடித்தது இதுதான்.

வீடியோ அழைப்புகள் நாள்தோறும் பயன்படுத்தும் நெறிமுறை இது. 2003இல் முதல் வடிவம் வந்தது. ‘நான் எந்த முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டிலிருந்து (ஒரே முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) வருவதாக உனக்குத் தெரிகிறது?’ என்று சிறிய கேள்வியை அனுப்பினால் சர்வர் பதில் தரும். நடைமுறையில் ஒரு சிக்கல் முளைத்தது. சில ரூட்டர்கள் பதிலின் உள்ளடக்கத்தையும் துழாவி, அங்கே தங்கள் பொது முகவரியைக் கண்டால் அதையும் உள்முகவரியாக மாற்றிவிட்டன. உதவுவதாக நினைத்து ரூட்டர் செய்த இந்த வேலையால் விடையே கெட்டது. 2008இல் வந்த திருத்திய வடிவம் இதற்கு அழகான தீர்வைத் தந்தது: முகவரியை நிலையான ஓர் எண்ணுடன் எக்ஸார் (இரண்டு முறை செய்தால் பழைய எண்ணே திரும்பும் பிட் கணக்கு) செய்து உருமாற்றி அனுப்புவது. ரூட்டருக்கு அது அடையாளம் தெரியாது. உங்கள் நிரல் மறுபடி எக்ஸார் செய்தால் உண்மையான எண் வந்துவிடும். நிரல் எழுதும்போது பதிலில் பழைய முகவரிப் புலத்தை விட்டுவிட்டு, எக்ஸார் செய்த முகவரி உள்ள புலத்தையே படியுங்கள்.

ஒரே சேவையை நம்பி இருக்காதீர்கள். நீங்கள் அளக்கப்போவது தடைகளை. முகவரி சொல்லும் தளமே தடுக்கப்பட்டிருந்தால்? இணையத் தடைகளை அளக்கும் ஊனி ப்ரோப் மென்பொருளின் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம், உபுண்டு இயங்குதளம் ஆகியவற்றின் பக்கங்கள், ஸ்டன் சர்வர்கள் எனப் பலவற்றை வைத்துக்கொண்டு, வரிசையைக் கலைத்து, ஒன்று பதில் தராவிட்டால் அடுத்ததைக் கேட்கும் முறையை அதில் காணலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள். வந்த விடை உண்மையிலேயே ஐபி முகவரிதானா என்று சோதியுங்கள். விடுதிகளின் வைஃபையில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் உள்நுழைவுப் பக்கம் வரும்; அதை முகவரி என்று சேமித்துவிட்டால் தரவு பாழ்.

ஐபியின் நான்காம் பதிப்பிலும், மிக அதிக முகவரிகள் கொண்ட புதிய ஆறாம் பதிப்பிலும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தியாவின் மொபைல் இணைப்புகளில் ஆறாம் பதிப்பு மிகப் பரவலாக இருக்கிறது. இரண்டு விடைகளும் வேறுபடும். அளவீடு முடிந்த பிறகு மறுபடியும் ஒருமுறை கேட்பது நல்லது. இடையில் போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியிருந்தால் அந்த அளவீட்டை ஒதுக்கிவிடலாம்.

உங்கள் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: முகவரி எதற்கு? எந்த நிறுவனத்தின் வலையமைப்பு, எந்த நாடு என்று தெரிவதற்குத்தானே? அதற்கு முகவரியைத் தரவுத்தளத்தில் தேடி, வலையமைப்பு எண்ணையும் (ஒவ்வொரு நிறுவனத்தின் வலையமைப்புக்கும் தரப்படும் அடையாள எண்) நாட்டையும் எடுத்துக்கொண்டால் போதும். முகவரியைச் சேமிக்கவே வேண்டாம். மாணவர்கள் கட்டும் மென்பொருளில் இந்தப் பழக்கம் வேரூன்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நண்பர்கள் உங்களை நம்பித்தான் அதைத் தங்கள் வீட்டில் ஓடவிடுகிறார்கள்.

கேள்வி: இதுபோன்ற அளவீட்டு மென்பொருள்கள் என் முகவரியை உலகத்துக்கே காட்டிவிடுமா? பயமாக இருக்கிறது.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், அம்மா. இணைய வேகத்தை அளக்கும் எம்-லேப் என்ற திட்டம் 2009இல் தொடங்கியது. கூகுள் தேடலில் வேகச் சோதனை வந்தது அவர்களுடன் இணைந்துதான். முடிவுகளோடு உங்கள் ஐபி முகவரியும் பொதுவில் வெளியிடப்படும் என்று சோதனைக்கு முன்பே சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த விவரம் பயன்படுகிறது. ஆனால் அந்த வரியைப் படிக்காமல் பொத்தானை அழுத்துபவர்களே அதிகம்.

2012இல் தொடங்கிய ஊனி எதிர்வழியில் போகிறது. இணையத் தணிக்கையை அளப்பவர்களுக்குச் சில நாடுகளில் ஆபத்து உண்டு. அதனால் முகவரியை வைத்து நாட்டையும் வலையமைப்பையும் அறிந்துகொண்டு, பதிவுகளில் முகவரி தென்படும் இடங்களை மறைத்து வெளியிட முயல்கிறார்கள். முழு உத்தரவாதம் தர முடியாது என்பதையும், உங்கள் இணைப்பைக் கண்காணிப்பவர்களுக்கு நீங்கள் இதை இயக்குவது தெரியலாம் என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை மதிக்கிறேன்.

முகவரி என்றால் ஆள் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஒரு கல்லூரியின் வலையமைப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் செய்த காரியத்துக்காக ஓர் இணையதளம் எங்கள் முகவரியைத் தடுத்தது. விடுதியில் யாராலும் அந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் தவித்தார்கள். பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அறிய, போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் சேவை நிறுவனத்தின் பதிவேடும் சேர்ந்து வேண்டும்.

கேள்வி: விபிஎன் போட்டுக்கொண்டு அளக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கூடாது. விபிஎன் உங்கள் தரவை வேறொரு சர்வர் வழியாக அனுப்புகிறது; வெளியே தெரிவது விபிஎன் நிறுவனத்தின் முகவரி. அந்தச் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், மதுரையில் எடுத்த அளவீடு சிங்கப்பூர் கணக்கில் சேர்ந்துவிடும். அணைத்துவிட்டு அளப்பது பாதுகாப்பில்லை என்று தோன்றினால் அளக்காமலே இருங்கள்.

கேள்வி: வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்தேன். வேலை செய்யவில்லை. ரூட்டரில் 100.81 என்று தொடங்கும் எண் இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, முதல் பதிலில் சொன்ன பகிர்ந்த முகவரிதான் உங்களுக்கும். ரூட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை, கதவு நிறுவனத்திடம் இருக்கிறது. நிலையான பொது ஐபி தருவார்களா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்க முடிந்தால் அதுவே எளிது. எப்படியானாலும் கேமராவுடன் வந்த கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். நீங்கள் திறந்துவைத்த அந்தப் போர்ட்டையும் மூடிவிடுங்கள்.