பறை யார் வீட்டில் தூங்குகிறது?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து பறைக்குழு நடத்துகிறோம். ஆர்ப்பாட்டம், தெருமுனைக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஆடி அடிப்போம். அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் "சாவு மேளத்தைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வராதே" என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வம்பு வேண்டாமென்று பறைகளை ஆசான் வீட்டிலேயே வைத்துவிடுகிறோம். நிகழ்ச்சி அன்று அவர் சம்சாரம் அவற்றைத் தீயில் காய்ச்சி வைத்திருப்பார். வீதி நாடகத்துக்காக சப்தர் ஹாஷ்மி உயிரையே கொடுத்தார். கலைதான் ஆகப்பெரிய எதிர்ப்பு என்பதை அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அப்பாவை அப்புறம் பார்ப்போம், தம்பி. பறைகள் ஆசான் வீட்டில் இருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னால் அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.

ஒரு பறையை வைத்துக் காப்பாற்றுவது என்ன வேலை என்று தெரியுமா? வேப்பங்கட்டையில் மூன்று துண்டுகளை வளைவாக இழைத்து, தகடு அடித்துச் சேர்த்த சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் இழுத்து ஒட்டிய கன்றுத் தோல். அந்தத் தோல் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடிக்கும். மழைநாளில் சிமென்ட் தரையில் ஓர் இரவு கிடந்தால் மறுநாள் அடிக்கு 'தொப்'பென்றுதான் பேசும். ஆணியில் மாட்ட வேண்டும், எலி அண்டாமல் பார்க்க வேண்டும். சின்ன வீட்டில் ஒன்பது பறைக்கு எத்தனை சுவர் இருக்கும்?

அந்த ஈரம் போகக் காய்ச்சுவது இன்னும் பெரிய பாடு. வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டுத் தீ மூட்டி, சுடர் தோலைத் தொடாத தூரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மந்தமாகவும் கேட்டால் இன்னும் பதம் வரவில்லை. அவசரப்பட்டு ஒரே இடத்தில் காட்டினால் தோல் பொசுங்கி, அடி விழுந்ததும் அங்கேயே கிழியும். புகையில் கண் எரிய அந்த அம்மா ஒன்பதையும் காய்ச்சி அடுக்கி வைக்கிறார். நீங்கள் வந்து தோளில் மாட்டிக்கொண்டு சமத்துவம் பேசப் போகிறீர்கள். அவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம்.

பறையடித்தவர்கள் 'இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று குச்சியைக் கீழே வைத்தது எதற்காக? கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் பறையோடு ஊருக்கு வெளியே போய்விட வேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தை உடைக்கத்தான். உங்கள் குழுவின் ஏற்பாட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவு வீட்டுக்குப் பதில் ஆர்ப்பாட்டம். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

நாடகத்தைக் கண்டு அரசுகள் பயந்து சட்டம் போட்டிருக்கின்றன. 1876-இல் ஆங்கிலேயர் ஒன்று போட்டார்கள். எம்.ஆர்.ராதாவை மனத்தில் வைத்து 1954-இல் இங்கே இன்னொன்று வந்தது. 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. பறையை அடக்கி வைக்க அவ்வளவு சிரமம் யாருக்கும் இருக்கவில்லை. வாசற்படியே போதுமாக இருந்தது, உங்கள் வீட்டு வாசற்படி மாதிரி.

ஹாஷ்மியைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். 1989 ஜனவரி 1 அன்று டெல்லி அருகே சாகிபாபாத்தில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். 4-ஆம் தேதி அவர் மனைவியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள். நீங்கள் அப்பாவுக்குப் பயந்து பறையை இன்னொருவர் வீட்டில் ஒளித்துவிட்டு ஹாஷ்மி பெயரைச் சொல்வது நன்றாக இல்லை.

இனி அப்பா. பெற்றவரை எதிர்த்துப் பேசலாம், ஏமாற்றக் கூடாது. இதில் நான் பழைய ஆள்தான். 'விட்டுவிட்டேன் என்றது பொய், அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று முதலில் சொல்லுங்கள். கலை, எதிர்ப்பு என்று பாடம் நடத்தாதீர்கள், அவர் எழுந்து போய்விடுவார். அவர் 'தொட்ட கை' என்றது மாட்டுத் தோலை நினைத்து அல்ல, அதைக் காலங்காலமாகத் தொட்ட மனிதர்களை நினைத்து. அது தவறு என்று மரியாதையோடு, ஆனால் அந்த வார்த்தையைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். கோபப்படுவார். படட்டும். சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அதே வீட்டில், அவர் கண்ணெதிரே இருங்கள்.

இந்த வாரமே அவரவர் பறை அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்பது வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும், அது நடக்க வேண்டிய சண்டைதான். துணிப்பையில் போட்டு ஈரமில்லாத சுவரில் மாட்டுங்கள். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவென்றால் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் தலையணைமேல் வைத்துக் கைப்பழக்கம் செய்யலாம், தாளத்தை வாய்ச்சொல்லில் பழகலாம். காய்ச்சுவதை ஆசானிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஃபைபர் பறை வாங்கினால் அந்த வேலையே இல்லை என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேலை மிச்சம்தான், தோலின் கனத்த ஒலி அதில் வராது.

கூலியை நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போதே பேசி, கூப்பிடுகிறவர்களிடம் வாங்கி, ஆசானுக்கும் அவர் சம்சாரத்துக்கும் தனித்தனியாகக் கையில் கொடுங்கள். பழைய பாக்கியையும் கணக்குப் போடுங்கள்.

ஆசான் உங்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்திருக்கிறாரா? அதையும் நீங்கள் எழுதவில்லை.