காலிங்கராயர் என்றால் கலிங்கத்துக்காரரா?

கேள்வி: எங்கள் குடும்பப் பட்டம் காலிங்கராயர். நாம் கலிங்க மன்னர் பரம்பரை, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். புரிக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஆனால் குடும்பப் பெயர்களை எண்ணிச் சொல்லும் ஓர் இணையதளத்தில் தேடினால், உலகத்திலேயே எங்கள் பெயர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அழிந்துவரும் வம்சமா நாங்கள்? (ஒரத்தநாடு வாசகர்)

பதில்: பெரியப்பா புரிக்குப் போகட்டும், ஜகந்நாதரைச் சேவிக்கட்டும். பூர்விகத்தைத் தேடி என்றால் அவ்வளவு தூரம் வேண்டாம், கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரம் வரை போனால் போதும்.

அங்கே நூற்றுக்கால் மண்டபம் எடுத்தவன், மூவர் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதச் செய்தவன், நரலோகவீரன் என்கிற மணவிற்கூத்தன். முதல் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் சேனாபதியாக இருந்தவன். அவனுக்குக் காலிங்கராயன் என்று பட்டம். சரி, அவன் கலிங்கத்துக்காரனா? இல்லை, தொண்டை நாட்டு மணவில் ஊர்க்காரன். கலிங்கத்தை ஜெயித்ததற்காகத்தான் இந்தப் பட்டம் என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 1110 வாக்கில் கலிங்கத்துக்குப் படை நடத்திப் போன கருணாகரனுக்கு வாய்த்தது தொண்டைமான் என்ற பட்டம்தானே.

சோழர்கள் அதிகாரிகளுக்குப் பட்டத்தை வாரி வழங்கினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுத்த கிருஷ்ணன் ராமன் அந்தணர். அவருக்குக் கிடைத்தது மும்முடிச்சோழ பிரம்மமாராயன். வேளாளரான சேக்கிழாருக்கு உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதற்காகச் சேக்கிழாரைப் பல்லவ வம்சத்தில் சேர்ப்பீர்களா? பாண்டியர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அவர்கள் உட்காரும் சிம்மாசனத்துக்கே மழவராயன் என்று பெயர் என்கின்றன கல்வெட்டுகள். உங்கள் ஊர்ப் பக்கத்து மழவராயர்களிடம் ‘நீங்கள் நாற்காலி வம்சமா’ என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்!

ஈரோட்டுக்காரர்கள் காலிங்கராயன் என்றதும் பவானியிலிருந்து நொய்யல் வரை ஓடும் வாய்க்காலைச் சொல்வார்கள். அதை 13ஆம் நூற்றாண்டில் வெட்டியவர் கொங்கு வேளாளர். அவர் வழி என்று சொல்லும் ஊத்துக்குளி ஜமீன் குடும்பமும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. அவர்களும் நீங்களும் பங்காளியா என்றால், பட்டம் ஒன்று என்பதைத் தவிர வேறு சாட்சியம் காணோம்.

எண்ணிக்கைக்கு வருவோம். தஞ்சாவூர், ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கத்துக் கள்ளர் வீடுகளில் நூற்றுக்கணக்கான பட்டங்கள் புழக்கத்தில் உண்டு. நடுக்காவேரிக்காரரான ந.மு.வேங்கடசாமி நாட்டார் நூறாண்டுக்கு முன்பே அவற்றைத் திரட்டி அச்சிட்டார். ‘தம்பிக்கு என்ன பட்டம்?’ என்று பெரியவர்கள் கேட்பது வம்சப் பெருமைக்காக அல்ல. ஒரே பட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதனால்தான் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அதே மாப்பிள்ளையின் ஆதாரைப் பாருங்கள், இனிஷியலும் பெயரும்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியிருப்பார். அந்த இணையதளம் எண்ணுவது இந்த மாதிரிக் காகிதங்களில் ஏறிய பெயர்களை. அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று மாறினால் வேறு குடும்பம் ஆக்கிவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர்வாரியாகக் கணக்கு வெளியிடுவதில்லை. 1931இல் சாதிவாரியாக வெளியிட்டபோதும் பட்டத்தை எண்ணவில்லை. அழிந்துபோகிறீர்கள் என்று எதை வைத்துச் சொல்வது?

வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கும். எழுதிக் கொடுத்தவர், சாட்சிகள், நான்கெல்லை நிலக்காரர்கள் பெயர்களைப் பாருங்கள். கூடவே, பழைய கல்யாணப் பத்திரிகைகளில் உங்கள் பட்டத்தோடு எந்தெந்த ஊர் வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். புரி ரயில் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம்; பெரியப்பா டிக்கெட்டை ரத்து செய்தாலும் செய்வார்.