கேள்வி-பதில்: குழந்தையின் டெஸ்ட், அம்மாவின் மாத்திரை

கே: எனக்கு எச்.ஐ.வி., மாத்திரை சாப்பிடுகிறேன். என் 9 மாதக் குழந்தைக்கு வெளி லேபில் எச்.ஐ.வி. 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. (தேனி)

ப: முதலில் சாப்பிடுங்கள். அது ஆன்டிபாடி டெஸ்ட்; கிருமியைத் தேடாது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் தேடும். கருவில் உங்களிடமிருந்து போன ஆன்டிபாடி, குழந்தை உடம்பில் ஒன்றரை வயது வரைகூட இருக்கும். கிருமியையே தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் பார்த்தால்தான் தெரியும். நாளைக்கே நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) போங்கள், இலவசம். உங்கள் மாத்திரையை விடாதீர்கள்.

கே: ரிப்போர்ட்டில் 'டி.என்.டி.' என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

ப: யாருடைய ரிப்போர்ட்? அம்மாவுடையதா, குழந்தையுடையதா? குழந்தைக்கு என்ன வயது, பால் குடிக்கிறதா? கிருமி தென்படவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் ஜோசியம் எனக்கு வராது.

கே: ஆறாவது வாரம் குழந்தையின் டெஸ்ட்டுக்கு ஏன் குதிகாலில் குத்துகிறார்கள்?

ப: அந்த வயதில் கையில் நரம்பு தேடுவது பெரும்பாடு. அட்டையில் ஐந்து வட்டம், வட்டத்துக்கு ஒரு சொட்டு, காயவைத்து அனுப்புவார்கள். கால் சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. துணி சுற்றிக் கொண்டு போங்கள்.

கே: குழந்தைக்கு 6 வாரத்தில் 'நெகட்டிவ்' வந்ததும் மனைவி மாத்திரையை நிறுத்திவிட்டாள். மருந்து பாலில் இறங்கும் என்று பயம். (நாமக்கல்)

ப: இந்தக் கடிதம் மாதம் ஒன்றாவது வந்துவிடுகிறது. அந்தத் தாள் அதுவரை நடந்ததைத்தான் சொல்லும். நேற்று குடித்த பாலைப் பற்றி அதற்கென்ன தெரியும்? மாத்திரையை விட்டால் சில வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் ஏறும், பாலிலும் ஏறும். மருந்து இறங்கும் என்று பயப்படுகிறவர் வைரஸ் இறங்குவதற்கு ஏன் பயப்படவில்லை?

அதற்காக அவரைத் திட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தாய்வீட்டில் மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்டுவிடுமென்று உள்ளே பஞ்சு அடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அண்ணி அரிசி அள்ளப் போனாள். அன்றோடு மாத்திரை நின்றது. 'குழந்தையை டெஸ்ட்டுக்குக் கொண்டுவா' என்று மையத்திலிருந்து போன் போகிறது. 'நீ மாத்திரை போட்டாயாம்மா' என்று கேட்கத்தான் ஆளில்லை. இருபது வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மனைவியை இன்றே, எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப் போங்கள். எத்தனை நாள் விட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு) பார்த்து, குழந்தைக்கு மறுபடி தடுப்பு சிரப் தேவையா என்று சொல்வார்கள். பிறகு குழந்தைக்கு 6, 12, 18 மாதங்களில் டெஸ்ட் உண்டு. 18 மாதத்துக்குப் பிறகும் பால் கொடுத்தால், நிறுத்தி 3 மாதம் கழித்து வருவதே கடைசி முடிவு.

கே: மாமியார் ராத்திரி மட்டும் சங்கில் பசும்பால் புகட்டுகிறார்.

ப: கூடாது. தாய்ப்பால் என்றால் 6 மாதம் வரை அது மட்டும்தான். தேன், சர்க்கரைத் தண்ணீர்கூட வேண்டாம். கலந்து கொடுத்தால் தொற்று வாய்ப்பு கூடும்.

கே: முதல் பி.சி.ஆர். பாசிட்டிவ். இரண்டாவது வரும்வரை பொறுக்கலாமா?

ப: வேண்டாம். இரண்டாவது ரத்தம் கொடுத்த கையோடு மருந்தைத் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்க ஆய்வில், 3 மாத வயதுக்குள் தொடங்கிய குழந்தைகளிடம் சாவு முக்கால் பங்கு குறைந்தது. உங்கள் மாத்திரை எத்தனை மணிக்கு? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.